கூட்டுப்பொருளின் மின்காந்தக் கவசத்திறனை அளப்பது எப்படி? மாதிரி வெட்டுவது முதல் அறிக்கை எழுதுவது வரை

போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் கிராபைட்டும் களுத்துறை, கேகாலைப் பக்கத்து இறப்பரும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. கொழும்பில் பொருள் விஞ்ஞானம் படிக்கிற ஒருவருக்கு "இரண்டையும் கலந்து மின்காந்த அலையைத் தடுக்கும் தகடு செய்தால் என்ன?" என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கலப்பது அவ்வளவு கடினமில்லை. இரட்டை உருளை மில்லில் அரைத்து, கந்தகம் சேர்த்து, 150 பாகை சூட்டில் அச்சில் அழுத்தினால் தகடு வந்துவிடும். அது எவ்வளவு தடுக்கிறது என்று ஒரு எண்ணாகச் சொல்லும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பலர் முதலில் செய்வது கைபேசிச் சோதனை. தகட்டால் ஒரு சின்னப் பெட்டி செய்து, அதற்குள் கைபேசியை வைத்து, இன்னொன்றால் அழைத்துப் பார்ப்பது. மணி அடித்தால் தகடு சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். நகரத்துக்குள் கைபேசிக்குக் கிடைக்கும் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம் (1 மில்லிவாட்டை அடிப்படையாக வைத்த டெசிபல் அளவு) அளவில் இருப்பது சாதாரணம். கைபேசியோ மைனஸ் 110 வரைக்கும் சமாளிக்கும். 40 டெசிபல் கையிருப்பு இருக்கிறது. ஆகவே தகடு 99.9 சதவீத வலுவைத் தடுத்தாலும் மணி அடிக்கும். போதாக்குறைக்கு, அலை பெரும்பாலும் பெட்டி மூடியின் இடுக்கால்தான் உள்ளே போகும். இந்தச் சோதனையில் தெரிவது உங்கள் தச்சுவேலையின் தரம், பொருளின் தரம் அல்ல.

கவசத்திறன் என்பது இரண்டு அளவீடுகளின் வித்தியாசம்: மாதிரி இல்லாமல் ஒன்று, மாதிரியோடு ஒன்று. இரண்டுக்கும் இடையில் மாதிரியைத் தவிர வேறு எதுவும் மாறக்கூடாது. கேபிள் அசைந்தாலும், திருகு இறுக்கம் மாறினாலும், ஏசி ஓடி நின்றாலும் அந்த வித்தியாசத்துக்குள் அதுவும் வந்து சேர்ந்துவிடும். கீழே வருகிற படிகள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைக் காப்பாற்றத்தான்.

முதலில் எண்ணின் பொருள்

கவசத்திறன் = 10 × மடக்கை (படும் வலு ÷ ஊடுருவி வரும் வலு). அலகு டெசிபல். மின்புலத்தை வைத்துக் கணக்கிட்டால் 10 இருக்கும் இடத்தில் 20 வரும். 10 டெசிபல் என்றால் 90 சதவீதம் தடுபட்டது, 20 என்றால் 99, 30 என்றால் 99.9, 40 என்றால் 99.99. விளம்பரங்கள் சதவீதத்தையே விரும்புவது இதனால்தான். 99.9க்கும் 99.99க்கும் வாசிக்கிறவர் வித்தியாசம் காணமாட்டார். ஊடுருவும் வலுவோ பத்து மடங்கு வேறுபடும். நீங்கள் டெசிபலிலேயே எழுதுங்கள்.

படி 1: மீடிறனைத் தீர்மானியுங்கள், முறை தானாக அமையும்

30 மெகாஹேர்ட்ஸ் முதல் 1.5 கிகாஹேர்ட்ஸ் வரை தட்டையான தகடு என்றால் ஏஎஸ்டிஎம் டி4935 என்ற அமெரிக்க நியம முறை. இரண்டு விளிம்புத்தட்டுகள் உள்ள கோஅக்சியல் ஹோல்டருக்குள் மாதிரியை இறுக்கி அளப்பது இது. 8.2 முதல் 12.4 கிகாஹேர்ட்ஸ் வரையான எக்ஸ்-பேண்ட் என்றால் டபிள்யூஆர்-90 வேவ்கைட், அதாவது அலையை உள்ளே கொண்டுபோகும் செவ்வக உலோகக் குழாய். முழுப் பெட்டியையோ அறையையோ அளக்க ஐஇஇஇ 299 என்ற நியமம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் 2 மீற்றருக்குக் குறையாத அடைப்புகளுக்கானது அது. 10 சென்ரிமீற்றர் முதல் 2 மீற்றர் வரையான சின்னப் பெட்டிகளுக்கு 299.1 என்று தனியாக வந்தது. பொருளைப் பற்றித்தான் பேசப்போகிறீர்கள் என்றால் இந்த இரண்டும் வேண்டாம்.

ஒரு மாணவருக்கு எது நல்லது என்று கேட்டால், கோஅக்சியல் முறையில் தொடங்கச் சொல்வேன். எக்ஸ்-பேண்ட் எண்கள் பெரிதாக வரும், கட்டுரையில் அழகாக இருக்கும். ஆனால் வானொலி, கைபேசி, மருத்துவக் கருவிகளின் குறுக்கீட்டில் நல்லதொரு பங்கு 1 கிகாஹேர்ட்ஸைச் சுற்றியும் அதற்குக் கீழும் இருக்கிறது.

படி 2: அனலைசரும் அதன் எல்லையும்

தேவையான முக்கியக் கருவி வெக்டர் நெட்வேர்க் அனலைசர், சுருக்கமாக விஎன்ஏ. ஒரு முனையால் சிக்னலை அனுப்பி, திரும்பி வந்ததையும் மறுமுனைக்குக் கடந்து போனதையும் மீடிறன்வாரியாக அளப்பது இது. பல்கலைக்கழகங்களில் இலத்திரனியல், தொலைத்தொடர்புத் துறைகளிடம் விசாரியுங்கள். பொருள் விஞ்ஞானத் துறையில் தேடினால் கிடைப்பது அரிது. வாய்ப்பே இல்லையென்றால் நனோவிஎன்ஏ போன்ற கையடக்கக் கருவியும் பழகிப் பார்க்க உதவும். ஆனால் அதன் இயங்கு வீச்சு (அளக்கக்கூடிய மிகப் பெரிய சிக்னலுக்கும் மிகச் சிறியதுக்கும் உள்ள இடைவெளி) 300 மெகாஹேர்ட்ஸ் வரை ஏறத்தாழ 70 டெசிபல், 900 வரை 60, அதற்கு மேல் 40தான். மீடிறன் ஏற ஏற, நீங்கள் நம்பி அளக்கக்கூடிய கவசத்திறன் குறைந்துகொண்டே போகிறது என்று அர்த்தம்.

பருமட்டாகச் சொன்னால், எதிர்பார்க்கும் கவசத்திறனைவிடக் குறைந்தது 10 டெசிபல் கூடுதலாக இயங்கு வீச்சு கையில் இருக்கவேண்டும். போதவில்லை என்றால் ஐஎஃப் பேண்ட்விட்த்தை (கருவி ஒரு நேரத்தில் கேட்கும் மீடிறன் அகலம்) குறையுங்கள். 1 கிலோஹேர்ட்ஸில் இருந்து 100 ஹேர்ட்ஸுக்கு இறக்கினால் இரைச்சல் தளம் 10 டெசிபல் கீழே போகும். ஸ்வீப் மெதுவாகும், பரவாயில்லை, அந்த நேரத்தில் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம்.

படி 3: ஹோல்டர் செய்வது

டி4935 ஹோல்டரை வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கலாம், விலை தாங்காது. நல்ல லேத் பட்டறைக்காரர் கிடைத்தால் பித்தளையில் செய்விக்கலாம். பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன உதிரிப்பாகம் கடைகிற கைகளுக்கு இந்த நுணுக்கம் புதிதில்லை. வரைபடத்தை மட்டும் ஐயமில்லாமல் கொடுக்கவேண்டும்.

நினைவில் வைக்கவேண்டிய எண்கள் மூன்று. உள்கடத்தியின் விட்டம் 33.0 மி.மீ., வெளிக்கடத்தியின் உள்விட்டம் 76.2 மி.மீ., விளிம்புத்தட்டின் வெளிவிட்டம் 133.1 மி.மீ. முதல் இரண்டின் விகிதம் 2.3. காற்று நிரம்பிய கோஅக்சியல் குழாயில் இந்த விகிதம்தான் 50 ஓம் தடங்கலைத் தருகிறது. என்-டைப் கனெக்டரில் இருந்து இந்தப் பெரிய விட்டத்துக்குக் கூம்பாக விரியும்போது, கூம்பின் ஒவ்வொரு இடத்திலும் 2.3 என்ற விகிதம் மாறாமல் இருக்கவேண்டும். பட்டறையில் பிழைப்பது அநேகமாக இந்தக் கூம்பில்தான். வெளிப்பகுதியைக் கடைந்துவிட்டு உள்கூம்பை "கண்மட்டத்துக்கு" கடைந்துவிடுவார்கள். கையோடு ஒரு வேர்ணியர் கொண்டுபோய் மூன்று நான்கு இடங்களில் அளந்து பார்த்தே வாங்குங்கள்.

1.5 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் ஏன் போகக்கூடாது என்பதற்கும் இதே அளவுகள்தான் காரணம். இந்த விட்டங்களில் 1.75 கிகாஹேர்ட்ஸ் அளவில் அடுத்த அலைவகை உள்ளே ஓடத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு மாதிரியின் மேல் படுவது தள அலைக்கு ஒப்பானது என்று சொல்லமுடியாது. கீழ் எல்லைக்குக் காரணம் வேறு. இந்த ஹோல்டரில் விளிம்புத்தட்டும் மாதிரியும் ஒரு கொள்ளளவி போல இணைகின்றன. மீடிறன் மிகக் குறைந்தால் அந்த இணைப்பு வலுவிழந்து, ஒப்பீட்டுச் சிக்னலே தேய்ந்துவிடும்.

இரண்டு பாதிகளையும் பிடிக்கும் திருகுகள் நைலோனாக இருக்கட்டும். உலோகத் திருகு போட்டால் மின்னோட்டத்துக்கு மாதிரியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குவழி திறந்துவிடும். ஹோல்டரின் இரு முனையிலும் 10 டெசிபல் தேய்ப்பான் (சிக்னலைத் தெரிந்த அளவு குறைக்கும் துண்டு) ஒவ்வொன்று போட்டால் தடங்கல் பொருந்தாமையால் வரும் ஏற்ற இறக்கம் அடங்கும். ஆனால் இயங்கு வீச்சில் 20 டெசிபல் போய்விடும். கையடக்கக் கருவியில் இந்தச் செலவு தாங்காது.

படி 4: மாதிரி வெட்டுவது

இங்கே அவசரப்படவே கூடாது. ஒரே தகட்டில் இருந்து இரண்டு தொகுதி வேண்டும்.

முழு மாதிரி: 133.1 மி.மீ. விட்டமுள்ள முழு வட்டு.

ஒப்பீட்டு மாதிரி: அதே பொருளில் இரண்டு துண்டுகள். ஒன்று 33 மி.மீ. வட்டு, அது உள்கடத்திகளுக்கு நடுவில் போகும். மற்றது 76.2 மி.மீ. துளையுள்ள வளையம், அது விளிம்புத்தட்டுகளுக்கு நடுவில் போகும். இரண்டுக்கும் இடையில் உள்ள பகுதி வெறுமையாக இருக்கும், அலை அதன் வழியாகத் தாராளமாகப் போகும்.

ஒப்பீட்டுக்கு வெறும் ஹோல்டரை மூடி அளந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. வெறுமையாக மூடினால் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. மாதிரி வைத்தால் நடுவில் ஒரு இடைவெளியும் தொடுகைத் தடையும் வந்துவிடுகின்றன. அந்த இழப்பும் கவசத்திறன் கணக்கில் சேர்ந்துவிடும். ஒப்பீட்டிலும் அதே பொருள், அதே தடிப்பு இருந்தால் இரண்டிலும் இழப்பு ஒன்றேதான், கழிக்கும்போது போய்விடும். ஆகவே இரண்டு தொகுதியின் சராசரித் தடிப்பும் 25 மைக்ரோமீற்றருக்குள் ஒத்திருக்கவேண்டும். மைக்ரோமீற்றர் திருகுக்கணிச்சியால் பல இடங்களில் அளந்து எழுதிவையுங்கள். இறப்பர் நசியும் என்பதால் ராட்செட் ஒரே ஒரு தடவை "டக்" என்றதும் நிறுத்திவிடுங்கள்.

தகடு மெல்லியதாக இருப்பதும் முக்கியம். பொருளுக்குள் உள்ள அலைநீளத்தில் நூறில் ஒரு பங்குக்கு மேல் தடிப்பு போனால் இந்த முறையின் எடுகோள்கள் தளர ஆரம்பிக்கும். இறப்பரில் கிராபைட் கூடக் கூட மின்னுழைதிறன் (பெர்மிட்டிவிட்டி) ஏறும், உள்ளே அலைநீளம் சுருங்கும். 2 மி.மீ. தகட்டை 100 மெகாஹேர்ட்ஸில் அளப்பது ஒரு கதை, 1.5 கிகாஹேர்ட்ஸில் அளப்பது வேறு கதை.

வெட்டிய பிறகு பதப்படுத்துங்கள்: 23 பாகை, 50 சதவீத ஈரப்பதன், 48 மணித்தியாலம். கொழும்பு ஈரப்பதனில் இது சும்மா வருகிற நிலை இல்லை. வெளியே எந்நேரமும் எழுபது, எண்பது சதவீதம் நிற்கும். நீரின் சார்பு மின்னுழைதிறன் அறை வெப்பநிலையில் 80க்குக் கிட்ட. தென்னந்தும்பு, செலுலோசு போன்ற நிரப்பிகள் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவீட்டைக் கண்டபடி நகர்த்தும். காற்றுப்புகாப் பெட்டிக்குள் மக்னீசியம் நைத்திரேற்றின் நிரம்பிய உப்புக்கரைசலை ஒரு கிண்ணத்தில் வைத்தால் உள்ளே ஈரப்பதன் 53 சதவீதத்துக்குக் கிட்ட நிற்கும். ஈரப்பதமானியும் ஒன்று போட்டுவிடுங்கள்.

படி 5: கலிபிரேஷன்

அனலைசரைப் போட்டு அரை மணித்தியாலமாவது சூடேற விடுங்கள். ஏசியையும் அப்போதே போடுங்கள், இடையில் கூட்டிக் குறைக்கவேண்டாம். கேபிள்களை மேசையில் டேப்பால் ஒட்டிவிடுவது அசிங்கமாகத் தெரிந்தாலும் நல்ல பழக்கம். அப்புறம் கேபிள் நுனிகளில் ஓபன், ஷோர்ட், லோட், த்ரூ என்ற வரிசையில் கலிபிரேஷன் செய்யுங்கள். கனெக்டரை இறுக்கும்போது கொட்டை மட்டும் சுழலட்டும், கனெக்டரின் உடல் சுழலக்கூடாது. முறுக்குவிசைச் சாவி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கலிபிரேஷன் முடிந்ததும் அதே த்ரூவை, அதாவது இரண்டு கேபிளையும் நேரே இணைக்கும் துண்டை, திரும்பப் போட்டுப் பாருங்கள். முதல் முனையில் இருந்து இரண்டாவது முனைக்குக் கடந்து போகும் சிக்னலைக் காட்டும் எஸ்21 கோடு பூச்சியத்தில் நேராகப் படுத்துக் கிடக்கவேண்டும். கேபிளை மெல்ல விரலால் தட்டுங்கள். கோடு துள்ளினால் கேபிளோ கனெக்டரோ பழுது. அதோடு மேலே போகவேண்டாம்.

படி 6: தளத்தை அறிந்துகொள்ளுங்கள்

மாதிரியைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை இது. பலரும் தவிர்ப்பதும் இதைத்தான்.

"அண்ணா, 60 டெசிபல் வந்திருக்கு" என்று ஒரு தம்பி திரையைக் காட்டினார். கிராபைட் விகிதத்தைக் கேட்டேன். அந்த எண்ணை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. "சரி, அதைக் கழற்றிவிட்டு அதே அளவில் சமையலறை அலுமினியத் தாள் ஒன்றை வெட்டி வைச்சுப் பாருங்கோ" என்றேன். வைத்தார். திரையில் அதே 60, அதே அலைவு. அலுமினியத் தாள் 1 கிகாஹேர்ட்ஸில் 100 டெசிபலைத் தாராளமாகத் தாண்டவேண்டிய பொருள். தம்பி அளந்துகொண்டிருந்தது அமைப்பின் தளத்தை, அதாவது எதை வைத்தாலும் அதற்குக் கீழே கோடு இறங்காத எல்லையை. ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தால் விளிம்புத்தட்டில் ஒரு நைலோன் திருகு பாதி இறுக்கத்தில் நின்றது, தும்பு போல ஒரு இறப்பர்ச் சீவலும் ஒட்டியிருந்தது. துடைத்து இறுக்கியதும் தளம் கீழே இறங்கியது, மாதிரியின் உண்மையான கோடு தனியாக மேலே நின்றது.

ஆகவே முதலில் அலுமினியத் தாள். அது தருகிற எண்தான் உங்கள் அமைப்பின் உச்சவரம்பு. அதற்கு 10 டெசிபல் கீழே ஒரு கோடு கிழியுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி வருகிற எந்த எண்ணையும் "இதைவிடக் கூட" என்று மட்டும் எழுதலாம், அதன் பெறுமானமாக எழுதக்கூடாது.

இன்னொன்று, கொழும்பில் 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை எஃப்எம் நிலையங்கள் நெருக்கி நிற்கின்றன. 900 மெகாஹேர்ட்ஸில் கைபேசி இருக்கிறது. விளிம்பு இடைவெளி திறந்தே இருப்பதால் இவை உள்ளே கசிந்து, எஸ்21 கோட்டில் ஊசி ஊசியாக எழும்பும். அனலைசரின் வெளியீட்டை நிறுத்திவிட்டு ஒரு ஸ்வீப் எடுத்தால், எந்த ஊசி வெளியில் இருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

படி 7: அளந்து கழிப்பது

ஒப்பீட்டு மாதிரியை வைத்து இறுக்கி எஸ்21ஐச் சேமியுங்கள். கழற்றி முழு மாதிரியை அதே இறுக்கத்தில் வைத்துச் சேமியுங்கள். ஒப்பீட்டில் மைனஸ் 1.2, முழு மாதிரியில் மைனஸ் 33.0 என்றால் கவசத்திறன் 31.8 டெசிபல். இவ்வளவுதான் கணக்கு.

ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். ஹோல்டரை முழுதாகக் கழற்றி, திரும்பப் பூட்டி, இதே சோடியைப் பலமுறை அளவுங்கள். பூட்டிய நிலையிலேயே பத்து ஸ்வீப் எடுத்துச் சராசரி போட்டால் இரைச்சல் மட்டும்தான் குறையும். பூட்டுவதில் வரும் வித்தியாசம் வெளியே தெரியாது, உண்மையான பிழை அதில்தான் இருக்கிறது. அப்புறம் ஒரே தகட்டின் வேறு இடங்களில் வெட்டிய மாதிரிகளையும் அளவுங்கள். நிரப்பி சமமாகக் கலக்காத தகடு இங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

படி 8: எண் நம்பத்தக்கதா? ஓம்மானியிடம் கேளுங்கள்

மெல்லிய கடத்தித் தகட்டுக்கு ஒரு சுருக்கமான சூத்திரம் இருக்கிறது:

கவசத்திறன் = 20 × மடக்கை (1 + 188.5 ÷ சதுரத்தடை)

188.5 என்பது வெற்றிடத்தின் அலைத்தடங்கலான 377 ஓமின் பாதி. சதுரத்தடை என்பது கடத்துதிறனையும் தடிப்பையும் பெருக்கி 1ஐ வகுத்தால் வருவது. நான்கு முனைத் துருவியால் நேரே அளக்கலாம். 2 மி.மீ. தகட்டின் கடத்துதிறன் மீற்றருக்கு 100 சீமென்ஸ் என்றால் சதுரத்தடை 5 ஓம், கவசத்திறன் 31.8 டெசிபல். டி4935 முறையில் ஹோல்டரைச் சரிபார்க்கப் பயன்படும் பொன் பூசிய மைலார்த் தாளும் இதே 5 ஓம்தான். அதற்கு எதிர்பார்க்கும் பெறுமானம் 32 டெசிபல் என்பது இந்தச் சூத்திரத்தில் இருந்தே வருகிறது.

பொன் பூசிய தாளுக்கு எங்கே போவது? தொடுதிரைகளில் பயன்படும் ஐடிஓ பூசிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் போதும். சதுரத்துக்கு 10 ஓம் தாள் என்றால் 26 டெசிபல், மீடிறன் மாறினாலும் ஏறத்தாழத் தட்டையாக. உங்கள் ஹோல்டர் அதை இரண்டு டெசிபலுக்குள் காட்டினால் நம்பி மேலே போகலாம்.

கிராபைட் இறப்பரில் அளந்த எண், துருவி வைத்துக் கணக்கிட்டதைவிடக் கூட வந்தால் உடனே பதறவேண்டாம். இரண்டு காரணங்கள் இருக்கலாம். அச்சில் அழுத்திய தகட்டின் மேல்தோலில் இறப்பர் மட்டும் படிந்து நிற்கும், அந்தத் தோல் துருவியின் அளவீட்டைக் கெடுக்கும். மேற்பரப்பை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, வெள்ளிப் பூச்சு வைத்து அளந்து பாருங்கள். இரண்டாவது, ஒன்றையொன்று தொடாமல் கிட்டக்கிட்ட நிற்கும் கிராபைட் துகள்களுக்கு இடையே உயர் மீடிறனில் கொள்ளளவ வழியாக மின்னோட்டம் பாயும். ஊடுபரவல் வாசலை (துகள்கள் தொட்டுத் தொட்டுத் தகடு முழுவதும் கடத்தும் பாதை அமையத் தொடங்கும் நிரப்பி அளவு) ஒட்டிய விகிதங்களில் இது நன்றாகத் தெரியும்.

படி 9: எக்ஸ்-பேண்ட்டுக்குப் போனால்

டபிள்யூஆர்-90 குழாயின் உள்ளளவு 22.86 × 10.16 மி.மீ., வெட்டு மீடிறன் 6.56 கிகாஹேர்ட்ஸ், அதற்குக் கீழே அலை இந்தக் குழாயில் ஓடாது. இங்கே கலிபிரேஷனுக்கு த்ரூ, ரிஃப்ளெக்ட், லைன் முறைதான் நல்லது. லைன் துண்டு கால் அலைநீளம், அதாவது சுமார் 10 மி.மீ.

மாதிரி துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தவேண்டும். ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அலை அதால் நழுவும். சிலர் துளையைவிடப் பெரிய தகட்டை இரண்டு விளிம்புகளுக்கு நடுவில் வைத்து இறுக்குவார்கள். வேலை சுலபம், ஆனால் தகட்டின் தடிப்பு வழியாகப் பக்கவாட்டில் வெளியேறும் வலு, தெறித்துத் திரும்பியதைக் காட்டும் எஸ்11இலும் வராது, எஸ்21இலும் வராது, "உறிஞ்சப்பட்டது" என்று கணக்கில் ஏறிவிடும். மாதிரி தடித்தால் இது பெரிய பொய்.

திசையையும் கவனியுங்கள். இந்தக் குழாயில் மின்புலம் குறுகிய பக்கத்தின் திசையில் மட்டும் இருக்கிறது. உருளை மில்லில் வந்த தகட்டில் கிராபைட் செதில்கள் உருட்டிய திசையில் படுத்துக்கிடக்கும். கார்பன் நாரில் இது இன்னும் மோசம். ஒரு மாதிரியை நீளவாட்டிலும் இன்னொன்றைக் குறுக்குவாட்டிலும் வெட்டி இரண்டையும் அறிவியுங்கள். கோஅக்சியல் ஹோல்டரில் மின்புலம் மையத்தில் இருந்து ஆரம் ஆரமாகப் பரவுவதால் எல்லாத் திசையும் கலந்த சராசரியே கிடைக்கும். இரண்டு முறையின் எண்களும் ஒத்துவராததற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 10: தெறிப்பா, உறிஞ்சலா?

எஸ்11இன் பருமனை வர்க்கித்தால் தெறித்த பங்கு. எஸ்21ஐ வர்க்கித்தால் ஊடுருவிய பங்கு. ஒன்றில் இருந்து இரண்டையும் கழித்தால் உறிஞ்சப்பட்ட பங்கு. அது எதிர் எண்ணாக வந்தால் கலிபிரேஷன் கெட்டுவிட்டது, திரும்பச் செய்யுங்கள். பிறகு:

தெறிப்புக் கவசத்திறன் = −10 × மடக்கை (1 − தெறித்த பங்கு)
உறிஞ்சல் கவசத்திறன் = −10 × மடக்கை (ஊடுருவிய பங்கு ÷ (1 − தெறித்த பங்கு))

இரண்டையும் கூட்டினால் மொத்தம். இதுவரை சரி. வாசிக்கும்போதுதான் கோட்டைவிடுகிறார்கள். மேலே சொன்ன அதே தகட்டை, 2 மி.மீ., மீற்றருக்கு 100 சீமென்ஸ், திறந்த வெளியில் 10 கிகாஹேர்ட்ஸில் கணக்கிட்டுப் பார்ப்போம். மேற்பரப்பு ஆழம் (உள்ளே போகும் அலையின் வீச்சு 37 சதவீதமாகத் தேயும் ஆழம்) அரை மி.மீ. மொத்தக் கவசத்திறன் ஏறத்தாழ 46 டெசிபல். அதில் தெறிப்புப் பகுதி 7, உறிஞ்சல் பகுதி 39. உடனே "85 சதவீதம் உறிஞ்சல், ஆகவே இது உறிஞ்சும் கவசம்" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் வலுவைப் பாருங்கள். 7 டெசிபல் என்றால் வந்த வலுவில் 81 சதவீதம் மேற்பரப்பிலேயே தெறித்துத் திரும்பிவிட்டது. மிச்சமான 19 சதவீதம்தான் உள்ளே போய் வெப்பமானது. 39 டெசிபல் என்ற பெரிய எண், உள்ளே புகுந்த அந்தச் சிறு பங்கு எவ்வளவு நன்றாகத் தேய்ந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

தெறித்த அலை பக்கத்துச் சுற்றுக்குத் தொல்லை தரக்கூடாது என்பது உங்கள் நோக்கமாக இருந்தால், டெசிபலை விட்டுவிட்டுப் பங்குகளை நேரடியாக வரையுங்கள். தெறித்தது, உறிஞ்சியது, ஊடுருவியது என்று மூன்று கோடுகள். என் அபிப்பிராயத்தில் எல்லாக் கட்டுரையிலும் இந்தப் படம் கட்டாயம் இருக்கவேண்டும். பார்த்த மாத்திரத்தில் உண்மை தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. பாடநூல்களில் வரும் பழைய ஷெல்குனோஃப் சூத்திரம் தரும் தெறிப்பு இழப்பும், மேலே எஸ்-அளவுருக்களில் இருந்து எடுத்ததும் ஒரே கணியம் இல்லை. இதே உதாரணத்தில் ஷெல்குனோஃப் 10.5 டெசிபல் சொல்லும், எஸ்-அளவுருக்கள் 7 சொல்லும். மொத்தம்தான் ஒத்துப்போகும், பிரிக்கும் விதம் வேறு. ஒன்றை அளந்து மற்றதோடு ஒப்பிட்டு "கோட்பாட்டில் இருந்து விலகுகிறது" என்று எழுதாதீர்கள். வேவ்கைட்டுக்குள் அலைத்தடங்கல் 377 ஓம் அல்ல, 10 கிகாஹேர்ட்ஸில் 500 ஓமுக்குக் கிட்ட. ஆகவே அங்கே தெறிப்பு சற்றுக் கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

தகட்டின் இரண்டு முகங்களிலும் எஸ்11, எஸ்22 (மறுமுனையில் தெறித்தது) ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வேறுபட்டால் நிரப்பி ஒரு பக்கம் கீழே படிந்துவிட்டது என்று அர்த்தம், எப்பொக்சியில் இது அடிக்கடி நடக்கும். எஸ்21உம் அதன் எதிர்த்திசையான எஸ்12உம் மட்டும் எப்போதும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பிழை கருவியில்.

படி 11: எழுதுவது

"எமது பொருளின் கவசத்திறன் 32 டெசிபல்" என்பது முடியாத வசனம். இப்படி எழுதுங்கள்: "இயற்கை இறப்பரில் கிராபைட், தடிப்பு 2.00 மி.மீ., டி4935 வகைக் கோஅக்சியல் ஹோல்டர், 30 மெகாஹேர்ட்ஸ் முதல் 1.5 கிகாஹேர்ட்ஸ் வரை, 23 பாகை, 50 சதவீத ஈரப்பதன், அலுமினியத் தாளோடு அமைப்பின் உச்சவரம்பு இவ்வளவு, கழற்றிப் பூட்டிய அளவீடுகளின் நியம விலகல் இவ்வளவு." நிரப்பியின் அளவு நிறைப்படியா கனவளவுப்படியா என்றும் சொல்லுங்கள். இறப்பர்க்காரர்கள் நூறு பங்கு இறப்பருக்கு எத்தனை பங்கு என்று எழுதுவார்கள், வெளியார் அதைச் சதவீதமாக வாசித்துவிடுவார்கள்.

தடிப்பால் வகுத்து "மி.மீ.க்கு இத்தனை டெசிபல்" என்று எழுதும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. தெறிப்புப் பகுதி தடிப்போடு வளர்வதில்லை. அதையும் சேர்த்து வகுத்தால், மெல்லிய மாதிரி செய்தவர் எல்லாம் உலகசாதனை படைத்தவர் ஆகிவிடுவார். வேண்டுமானால் வெவ்வேறு தடிப்பில் அளந்து, தடிப்புக்கு எதிரே கவசத்திறனை வரைந்து காட்டுங்கள்.

கடைசியாக, மூல எஸ்-அளவுருக் கோப்புகளைக் கட்டம் (ஃபேஸ்) உட்பட அப்படியே சேமித்து வையுங்கள். கவசத்திறனுக்குப் பருமன் மட்டும் போதும்தான். ஆனால் பின்னொரு நாள் அதே தரவில் இருந்து மின்னுழைதிறனை எடுக்க யாராவது கேட்டால் கட்டம் இல்லாமல் முடியாது. அளந்த வட்டுகளையும் ஒப்பீட்டு வளையங்களையும் பெயர், திகதி எழுதி ஒரே உறையில் போட்டு அதே உப்புக்கரைசல் பெட்டிக்குள் வையுங்கள். இறப்பர் முதுமையடையும்போது கடத்துதிறன் நகரும். மதிப்பீட்டாளர் "திரும்ப அளந்து காட்டுங்கள்" என்று கேட்டால் கையில் அதே மாதிரி இருக்கவேண்டும்.